சான்பிரான்சிஸ்கோ வெண்கல விளக்கு போரில் கொள்ளையடித்ததா?

கோல்டன் கேட் பூங்காவில் உள்ள ஜப்பானியத் தேநீர்த் தோட்டத்துப் பெரிய வெண்கல விளக்கின் படத்தோடு ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. “இருநூறு வருடப் பழைய கோயில் விளக்கு; இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை ஜப்பானிலிருந்து அள்ளி வந்தது” என்கிறது அது. இது தவறு.

அந்த ‘அமைதி விளக்கு’ 1953 ஜனவரியில் ஜப்பான் தந்த பரிசு. ஜப்பானியக் குழந்தைகள் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கொடுத்த காசில் செய்யப்பட்டது. எடை 9,000 பவுண்டு, அதாவது நான்கு டன்னுக்கும் மேல். போர் முடிந்து எட்டு வருடம்கூட ஆகாத நேரத்தில், குண்டுவீச்சைப் பார்த்த நாட்டுப் பிள்ளைகள் நட்புக்காகக் கொடுத்ததைக் கொள்ளைப் பொருள் என்பது மனதை வருத்துகிறது.

அப்புறம் அந்த ‘இருநூறு வருடம்’? அதே தோட்டத்தில் 1790-ல் வார்த்த வெண்கலப் புத்தர் சிலை இருக்கிறது. அதோடு குழப்பிக்கொண்டிருக்கலாம். அதுவும் கொள்ளையடித்ததல்ல, 1949-ல் கம்ப்ஸ் (Gump's) என்ற சான்பிரான்சிஸ்கோ கடை நிறுவனம் நன்கொடையாகத் தந்தது.

போர்க்காலத்தில் அங்கே அநியாயம் நடந்தது உண்மைதான். தோட்டத்தை வளர்த்த ஹகிவாரா குடும்பத்தை 1942-ல் வெளியேற்றி, ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்துவைத்த தடுப்பு முகாமுக்கு அனுப்பினார்கள். தோட்டத்தின் பெயரிலிருந்த ‘ஜப்பானிய’ என்ற சொல்லையும் நீக்கினார்கள். 1952-ல்தான் அது திரும்பியது. பகிர வேண்டுமென்றால் இதைப் பகிரலாம்.

தோட்டத்தின் இணையதளத்தில் இந்த வரலாற்றைச் சரிபார்க்கலாம். அந்த வாட்ஸ்அப் தகவல் உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேற்கொண்டு அனுப்பாதீர்கள்.