விலை ஏறினபோது கதவைச் சாத்தினார்கள்

உலகச் சந்தையில் சர்க்கரை விலை சரிந்துவிட்டது, அதனால்தான் ஆலைகளால் கரும்புப் பணம் தர முடியவில்லை என்று எழுதுகிறவர்களுக்கு, கரும்புக்காரர் வீட்டுப் பிள்ளையாக நான் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

சரிந்தது உண்மைதான். 2025 கடைசியில் நியூயார்க் சந்தையில் கச்சா சர்க்கரை பவுண்டு 15 சென்ட்டுக்கும் கீழே போனது. நம் கணக்கில் கிலோ 28 ரூபாய் அளவு. பிரேசில் ஆலைகள் கரும்புச் சாற்றில் எடுக்கும் எரிபொருளான எத்தனாலைக் குறைத்துச் சர்க்கரையைக் கூட்டின. அங்கே எது லாபமோ அந்தப் பக்கம் சாற்றைத் திருப்பிக்கொள்வார்கள்.

ஆனால் 2023 நவம்பரை ஏன் மறந்துவிடுகிறீர்கள்? அதே சர்க்கரை அப்போது 28 சென்ட். 12 வருஷத்தில் காணாத விலை, கிலோ 50 ரூபாயைத் தாண்டியது. அந்த நேரம் பார்த்துத்தான் மத்திய அரசு ஏற்றுமதியை முடக்கியது. 2021-22இல் 1 கோடி டன்னுக்கு மேல் அனுப்பிய நாடு இது! மகாராஷ்டிராவிலும் கர்நாடகாவிலும் மழை பொய்த்தது, உள்ளூரில் விலை எகிறிவிடும் என்று பயந்தார்கள். பயம் நியாயமானதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நல்ல விலைக்கு விற்க முடியாமல் போன நஷ்டம் யார் தலையில் விழுந்தது? பிறகு 2025 நவம்பரில், 2025-26க்கு 15 லட்சம் டன் அனுப்பலாம் என்றார்கள். உள்ளூர் விலையைவிட வெளியே குறைவாக விற்ற நேரத்தில் யார் கப்பலேற்றுவார்கள்?

சர்க்கரைக்குக் குறைந்தபட்ச விற்பனை விலை கிலோ 31 ரூபாய் என்று 2019 பிப்ரவரியில் வைத்தார்கள். 2025 முடியும்வரை அது அசையவில்லை. கரும்புக்கு மத்திய அரசு விலை இதற்குள் டன் 2,750இலிருந்து 2025-26 பருவத்தில் 3,550 ஆகிவிட்டது. அந்த 3,550கூட 10.25 சதவீதம் கட்டுமானம், அதாவது கரும்பைப் பிழிந்தால் கிடைக்கும் சர்க்கரை அளவு, இருந்தால்தான். எங்கள் பக்கம் கட்டுமானம் 9-ஐத் தாண்டுவதே பெரிய பாடு, எங்களுக்கு அந்தப் பருவத்தில் 3,290தான். அதிலும் வெட்டுக்கூலி போக மிஞ்சுவதுதான் குடும்பத்துக்கு.

எடை மேடையில் டிராக்டர் ஏறியதும் அப்பா இறங்கிப்போய் எடைச் சீட்டுக்காக நிற்பார். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, வீட்டுக்கு வந்ததும் சாமி படத்துக்குப் பின்னால் செருகுவார். ஒரு பருவத்துச் சீட்டுகள் பணம் வராமல் ஏழு மாதம் அங்கேயே இருந்தன. 14 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் 15 சதவீத வட்டி என்று மத்திய அரசின் 1966ஆம் வருஷத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையிலேயே இருக்கிறது. உலக விலை ஏறின வருஷத்திலும் சரி, இறங்கின வருஷத்திலும் சரி, எங்கள் பில்லில் அந்த வட்டியை நான் பார்த்ததே இல்லை.