மறதிக்குக் காரணம் பம்ப் அல்ல

"இழுப்புக்காரர் மறதியாகிறது பம்பால்தான் (மருந்தை மூச்சோடு இழுக்கும் இன்ஹேலர்), அதை விட்டுவிட்டு ஒட்சிசனைக் கூட்டி வையுங்கோ" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். இரண்டும் பிழை அண்ணா. இரண்டாவது யோசனை ஆளையே கொண்டுபோய்விடும்.

இழுப்பை உண்டாக்கும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (COPD) உள்ள பலருக்குக் கவனமும் ஞாபகமும் குறைவது உண்மைதான். ஒட்சிசன் குறைவு, இரத்தத்தில் தேங்கும் காபனீரொட்சைட்டு, புகை கெடுத்த இரத்தக் குழாய்கள், மனச்சோர்வு என்று காரணம் பல. பம்பை நிறுத்தினால் மூச்சுதான் இன்னும் இறுகும்.

உண்மையில் மறதியால்தான் பம்ப் வீணாகிறது. கல்லடியில் என் பெரியம்மா சுருட்டைத் தொட்டதே இல்லை, விறகடுப்புப் புகையில் வந்த வருத்தம். பம்பைக் குலுக்க மறப்பா, அமத்தி முடிந்த பிறகுதான் மூச்சை இழுப்பா. மருந்தில் பெரும்பகுதி வாய்க்குள்ளேயே நின்றுவிடும். இப்போது ஸ்பேசர் (பம்பில் பொருத்தி மருந்தை இழுக்கும் குழாய்) வைத்து, மகள் பக்கத்தில் நின்று பத்து செக்கன் மூச்சை அடக்கச் சொல்கிறா.

ஒட்சிசன் மிகக் குறைந்தவர்களுக்கு வீட்டு ஒட்சிசன் ஆயுளைக் கூட்டும், 1980இல் அமெரிக்க ஆய்விலேயே தெரிந்தது. ஆனால் ஓரளவு மட்டும் குறைந்தவர்களுக்குப் பயனில்லை என்று 2016இல் இன்னொரு ஆய்வு காட்டியது. அளவுக்கு மீறினால் சிலருக்குக் காபனீரொட்சைட்டு ஏறி, தலையிடி, தூக்கம், குழப்பம் வரும். அதனால்தான் நோய் திடீரென்று கூடும்போது வைத்தியர்கள் இரத்த ஒட்சிசன் அளவை 88 முதல் 92 சதவீதத்துக்குள் வைத்திருக்கிறார்கள். ஒட்சிசன் வரும் லீற்றர் அளவை நீங்களாகத் திருகாதீங்கோ.

திடீரென்று ஆள் குழம்பினால், எழுப்பியும் தூங்கினால், அது மறதி இல்லை. உடனே அம்புலன்ஸுக்கு 1990க்கு அடியுங்கோ.