வருஷம் முழுவதுக்கும் ஒரே ஸ்பெக்ட்ரம் கேட்காதீர்கள்

எங்கள் கடலின் அலைப் பதிவை அலசி எழுதிய அறிக்கையை மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே வரி: "எஃப்எஃப்டி போட்டால் போதுமே, வருஷம் முழுவதுக்கும் ஒரே ஸ்பெக்ட்ரமாகக் கொடுங்கள்." எஃப்எஃப்டி என்பது ஃபூரியே முறையை வேகமாகப் போடும் கணக்கு, எத்தனை விநாடி அலை எவ்வளவு பலமாக இருக்கிறது என்று அதில் வரும் படம்தான் ஸ்பெக்ட்ரம். அது போதாது என்று இரண்டு தடவை பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்துவிட்டேன். வயிறு எரிகிறது, இங்கேதான் கொட்ட வேண்டியிருக்கிறது.

மண்டபத்தில் நின்று பார்த்தால் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. எங்கள் பக்கத்தில் வடக்கைப் பெண்கடல் என்றும் தெற்கை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு வாடைக்காற்று இறங்கிவிட்டால் பெண்கடல் கொந்தளிக்கும், ஆண்கடல் அடங்கிக் கிடக்கும். தென்மேற்குக் கச்சான் காற்று கிளம்பியதும் அப்படியே தலைகீழ். அது போக, ஒரே நாளிலேயே காலையில் ஒரு கடல், மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறியதும் வேறு கடல். இங்கே அலைமானியை இறக்கி எடுத்த பன்னிரண்டு மாதப் பதிவை மொத்தமாகப் போட்டுக் கலக்கினால் வருகிற கோடு எந்த மாதத்துக் கடல்? எதுவும் இல்லை. அப்படி ஒரு கடல் எங்கள் ஊரில் ஒருநாள்கூட இருந்ததில்லை.

ஃபூரியே முறையை நான் குறை சொல்லவில்லை. ஓதத்தை, அதாவது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தைப் பிரிக்க நானும் அந்த வழியில்தான் போகிறேன், நிலவால் 12.42 மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் ஏற்றம் வாடைக்கும் கச்சானுக்கும் மாறப்போவதில்லை. ஆனால் அந்த முறை எல்லாவற்றையும் ஆரம்பமும் முடிவும் இல்லாமல் ஒரே சீராக ஓடும் சைன் அலைகளாகத்தான் பார்க்கும். எந்த அலை எப்போது வந்தது என்பது மொத்த ஸ்பெக்ட்ரத்தில் தெரியவே தெரியாது.

எங்களுக்கு அந்த "எப்போது"தான் முக்கியம். உள்ளூரில் காற்றில்லாமலே திடீரென்று ஏறுகிற கள்ளக்கடல் வந்த அன்று கரையில் காற்றே இல்லை. வலை காயப்போட்டிருந்த இடம் வரை தண்ணீர் ஏறியது, கட்டிக் கிடந்த இரண்டு வள்ளங்கள் மோதி ஒன்றின் முன்பக்க அணியம் பிளந்துவிட்டது. அந்த அலை தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த புயலில் பிறந்தது. ஆழ்கடலில் 18 விநாடிக்கு ஒரு முகடு வரும் அலைக்கூட்டம் விநாடிக்குச் சுமார் 14 மீட்டர் ஓடும், 14 விநாடிக் கூட்டம் 11 மீட்டர்தான். 5000 கிலோமீட்டர் வந்து சேர்வதற்குள் இரண்டுக்கும் நடுவில் ஒரு நாளுக்கு மேல் இடைவெளி விழுந்துவிடும். எந்த அதிர்வெண் எந்த நேரத்தில் வந்தது என்று காட்டும் வேவ்லெட் முறையைப் போட்டுப் பார்த்தால் இது படத்தில் ஒரு சாய்ந்த கோடாக மேலேறுகிறது, அந்தச் சாய்வை அளந்தால் புயல் எவ்வளவு தூரத்தில் அடித்தது என்றே சொல்லிவிடலாம். இந்த இரண்டு நாளை 365 நாளோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் எங்கே போய்த் தேடுவது?

அதைவிட எனக்கு ஆத்திரம் வந்தது ஒரு கூட்டத்தில். ஆழம் குறையக் குறைய அலையின் முகடு கூர்மையாகும், பள்ளம் தட்டையாக நீளும், கரையில் நின்று பார்க்கிற யாருக்கும் இது தெரியும். அந்த வடிவத்தை சைன் அலைகளாக உடைத்தால் ஸ்பெக்ட்ரத்தில் 12 விநாடி அலையோடு 6 விநாடியிலும் 4 விநாடியிலும் குட்டி முகடுகள் கிளம்பும். அவை தனி அலைகள் இல்லை, அதே அலையின் கூர்மைதான். அங்கே ஒருவர் அந்த 6 விநாடி முகட்டில் பேனாவை வைத்து, "இது உள்ளூர்க் காற்று எழுப்பிய அலை" என்கிறார். அந்த நேரத்துக் காற்றுப் பதிவு பூஜ்யத்தை ஒட்டிக் கிடக்கிறது. எடுத்துக் காட்டினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இதற்கெல்லாம் வழி இல்லாமல் இல்லையே! ஹுவாங் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1998 இலேயே எழுதிவிட்டார்கள். முகடுகளைத் தொட்டு மேலே உறைபோல ஒரு கோடு, பள்ளங்களைத் தொட்டுக் கீழே ஒரு உறை, இரண்டின் சராசரியைக் கழித்து, மறுபடி மறுபடி சலித்து, பதிவிலிருந்தே வேகமான அசைவு, மெதுவான அசைவு என்று துண்டுகளைப் பிரிப்பது. அப்புறம் ஹில்பர்ட் மாற்றம் என்ற கணக்கைப் போட்டால் ஒவ்வொரு துண்டுக்கும் கணத்துக்குக் கணம் அதிர்வெண் கிடைக்கும். இதிலும் ஓட்டை உண்டு, இரண்டு வகை அலை ஒரே துண்டில் கலந்துவிடும், பதிவின் இரு முனைகளிலும் உறை கண்டபடி ஆடும். கலப்பைக் குறைக்க 2009 இல் வூவும் ஹுவாங்கும் வேண்டுமென்றே இரைச்சலைச் சேர்த்துப் பலமுறை சலித்துச் சராசரி எடுத்தார்கள். இது எதையும் பார்க்காமல் நிரலை ஓட்டி, வந்த ஒன்பது துண்டுக்கும் ஒன்பது பெயர் வைத்துக் கட்டுரை எழுதுகிறவர்கள் மேலும் எனக்கு இதே கோபம் உண்டு. அவர்களால்தான் ஒழுங்காகச் செய்கிறவனையும் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

இந்த எண்களை வைத்துத்தான் நாளைக்குக் கரையைக் காக்கக் கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவு எங்கே வரும், எவ்வளவு நீளம் என்று முடிவாகும். அதனால் விடப்போவதில்லை. அவர்கள் கேட்ட ஒற்றை ஸ்பெக்ட்ரத்தை முதல் படமாக வைக்கிறேன், அதற்குக் கீழேயே பன்னிரண்டு மாதத்தையும் தனித்தனியாக, அந்தச் சாய்ந்த கோட்டையும் சேர்த்து. திங்கட்கிழமை நான்காவது தடவையாக அனுப்புகிறேன்.