பத்திரிகையில் எங்கள் வீட்டு முகவரிதான் இருக்கும்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நடந்தது சொந்தபந்தம் முழுவதற்கும் இதற்குள் தெரிந்துவிட்டது. ஒரு வரி முகவரிக்காக நல்ல சம்பந்தத்தை விட்டுவிட்டாள் என்று என் தங்கையைப் பற்றி மூன்று நாட்களாகப் பேசுகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அவள் செய்தது சரி.

மாப்பிள்ளை வீட்டார் கேட்டது இதுதான்: திருமணப் பத்திரிகையில் எங்கள் வீடு இருக்கும் வடசென்னைத் தொழிலாளர் பகுதியான புளியந்தோப்பின் பெயரைப் போட வேண்டாம், அண்ணா நகரில் இருக்கும் எங்கள் சித்தப்பா வீட்டு முகவரியைப் போட்டுக்கொள்ளலாம். அச்சகத்திலிருந்து வந்த மெய்ப்புத் தாளில் எங்கள் தெருப் பெயரைப் பென்சிலால் அடித்து, மேலே பொடி எழுத்தில் சித்தப்பாவின் முகவரியை எழுதியே கொண்டுவந்திருந்தார்கள். அந்தக் கோட்டை ஸ்கேல் வைத்து இழுத்திருந்தார்கள். அப்பா வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடிக்கப்பட்ட அந்த முகவரியில் இருப்பது, 1996-இல் மூடப்பட்ட பின்னி மில்லில் தாத்தா உழைத்த காலத்தில், சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கிய கால் கிரவுண்டு வீடு. அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918-இல் வாடியாவும் திரு.வி.க.வும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டினார்கள். மழைக்காலத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கும், உண்மைதான். அதற்காக வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள் அல்ல.

முப்பத்தொரு வயதாகிறதே, பெண்ணுக்குப் பாதுகாப்பு வேண்டாமா என்று கேட்கிறீர்கள். வேண்டும். ஆனால் எது பாதுகாப்பு? பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-இலேயே சட்டம் செய்தது. அப்பா தன் பங்குக்கு இந்த வீட்டை எங்கள் இருவருக்கும் சரிபாதியாக உயில் எழுதி வைத்திருக்கிறார். நாளை யார் கைவிட்டாலும் என் தங்கை வந்து கதவைத் திறந்துகொள்ளக்கூடிய ஒரே வீடு அதுதான். அதை மறைத்தால்தான் பாதுகாப்பு கிடைக்கும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பையன் நல்லவன், அம்மாவை எதிர்த்துப் பேச முடியவில்லை, அவ்வளவுதானே என்கிறார் பெரியம்மா. நான்கு மாதங்களாக என் தங்கை அவரிடம் மனம்விட்டுப் பேசினாள். அவருடைய அன்பை நம்பினாள். எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அம்மா வைத்த மீன் குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர், அந்தத் தாள் கை மாறியபோது தலையைத் தூக்கவே இல்லை. வேறு எதற்கு மௌனமாக இருந்திருந்தாலும் அவள் பொறுத்திருப்பாள்.

என் திருமணத்தின்போது யாரும் கோடு போடவில்லை. "பெண் பெரம்பூர் பக்கம்" என்று மாமியார் விருந்தினர்களிடம் சொன்னார், நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். சின்ன விஷயம் என்றுதான் நினைத்தேன். பதின்மூன்று ஆண்டுகளாக யார் கேட்டாலும் பெரம்பூர் என்றே சொல்லி வந்திருக்கிறேன். போன மாதம் ஆட்டோக்காரரிடம் புளியந்தோப்பு போக வேண்டும் என்றபோது, ஒன்பது வயது மகள் என் கையைப் பிடித்து, "அம்மா, ஆயா வீடு பெரம்பூர்லதானே இருக்கு?" என்று கேட்டாள். வீடு போய்ச் சேரும் வரை நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. இந்தச் சின்ன விஷயத்தைத்தான் என் தங்கையும் விட்டுக்கொடுத்திருக்க வேண்டும் என்கிறீர்கள். நான் விட்டுக்கொடுத்து என்ன மரியாதையைப் பெற்றேன் என்று இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

பெரியம்மா, அடுத்த வரன் கொண்டுவரும்போது ஜாதகத்துக்கு முன்பே புளியந்தோப்பு என்று சொல்லிவிடுங்கள். யோசிக்கிறவர்கள் அங்கேயே யோசித்துக்கொள்ளட்டும். அப்பா அந்தத் தாளை மறுபடியும் ஒருமுறை பிரித்துப் பார்க்கக் கூடாது.