கப்பிலெய்ராவின் அமைதிக்குப் பின்னால்

ஸ்பெயினின் கிரனாடா நகரில் படிக்கும் மாணவி ஒருவர், கப்பிலெய்ரா என்ற மலையூருக்கு ஒருநாள் போய்வந்ததைப் பற்றி எழுதியதை ரசித்துப் படித்தேன். ஆனால் 'வெள்ளை வீடுகள், அமைதி' என்று சொல்லி முடித்துவிட்டாரே!

தெற்கு ஸ்பெயினின் சியெரா நெவாடா மலைத்தொடரில், தெற்குச் சரிவில் 1,400 மீட்டருக்கும் மேலே இருக்கும் ஊர் அது. பழைய வீடுகளின் கூரைகள் தட்டையானவை. மர உத்திரங்கள்மேல் கல் பரப்பி, அதன்மேல் லௌனா என்ற சாம்பல்நிறக் களிமண்ணைப் போடுவார்கள். மழையில் நனைந்ததும் அது இறுகி நீரைத் தடுக்கும். வட ஆப்பிரிக்காவின் பூர்வகுடிகளான பெர்பர் மக்களின் வீடுகளும் ஏறக்குறைய இப்படித்தான்.

அந்த வீடுகளைக் கட்டிய மரபைச் சேர்ந்த மொரிஸ்கோ மக்கள் (கிறிஸ்தவத்துக்கு மாற்றப்பட்ட ஸ்பெயின் முஸ்லிம்கள்) 1568-இல் ஸ்பெயின் அரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். 1571-க்குள் அடக்கப்பட்டு, கிரனாடா பகுதியைவிட்டே துரத்தப்பட்டார்கள். அவர்கள் இடத்தில் ஸ்பெயினின் வடக்கிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். இதைத் தெரிந்துகொண்டு அந்தத் தெருக்களைப் பார்ப்பதே வேறு. பனி உருகும் நீரைச் சரிவில் ஊறவிட்டுக் கீழே ஊற்றாக எடுக்கும் மொரிஸ்கோக்கள் காலத்து வாய்க்கால்களில் பல இன்றும் ஓடுகின்றன. எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

அப்புறம் ஒன்று. அடுத்த முறை கப்பிலெய்ராவில் இறங்கி, கீழே இருக்கும் பக்கத்து ஊரான புபியோன் வழியாக, அதற்கும் கீழே உள்ள பம்பனெய்ராவுக்கு நடந்தே வாருங்கள். பாதை முழுக்க இறக்கம்தான், நல்ல காலணி அவசியம். திரும்பும் பஸ்ஸைப் பம்பனெய்ராவிலேயே பிடிக்கலாம்.