அசலில்தான் கட்டுகிறோமா?

சித்தப்பா மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த சித்தப்பா ஜாதகத்தை மேசையில் வைத்துவிட்டு, "நீ கவலைப்படாதப்பா, அசல்லதான் பார்த்திருக்கோம். நம்ம ஆளுங்கதான், ஆனா எட்டுத் தலைமுறைக்கு ஒட்டும் இல்ல, உறவும் இல்ல" என்றார். அவர் என்னிடம் இப்படிக் கணக்கு ஒப்பிக்கக் காரணம் நான்தான். சொந்தத்தில் கட்டாதீர்கள் என்று குடும்ப வாட்சப் குழுவில் வருஷக்கணக்காகப் பாடம் நடத்தியவன் நான்.

நான் நடத்திய பாடம் தப்பில்லை. ஆனால் பாதிப் பாடம். அந்த மீதிப் பாதிக்காகத்தான் இந்தப் பதிவு.

தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் மரபணுக்களில் கால் பங்கு பொது. அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் அரைக்கால் பங்கு. நம் எல்லோரிடமும் பழுதான மரபணுப் பிரதிகள் சில இருக்கின்றன. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதிகளாக வருவதால், ஒன்று பழுதானாலும் பெரும்பாலும் இன்னொன்று சமாளித்துவிடும். இரண்டும் ஒரே இடத்தில் பழுதாக வந்தால்தான் நோய். சொந்தத்தில் கட்டும்போது ஒரே தாத்தாவின் பழுது இரண்டு பக்கமிருந்தும் குழந்தைக்கு வந்து சேர வாய்ப்பு அதிகம். இது ஊரறிந்த கதை.

எட்டுத் தலைமுறைக்கு உறவில்லை என்கிறார் சித்தப்பா. எண்பது தலைமுறைக்கு என்று யாராவது சொல்ல முடியுமா? ஹைதராபாத்தில் உள்ள சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் தங்கராஜ், அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் டேவிட் ரைக், பிரியா மூர்ஜானி உள்ளிட்டோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் ஏறக்குறைய 4,200 ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை பலதரப்பட்ட மக்களும் தாராளமாகக் கலந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு கலப்பு அருகி, குழுக்கள் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்க ஆரம்பித்தன. ஆரம்பத்தில் ஒரு குழுவில் சில நூறு பேர்தான் இருந்தார்கள் என்று வையுங்கள். அவர்களில் ஒருவரிடம் இருந்த பழுது, வெளி ரத்தம் கலக்காமல் பெருகிய குழுவில் ஆயிரக்கணக்கானோரிடம் பரவியிருக்கும். இன்று அந்தச் சாதியில் பத்து லட்சம் பேர் இருக்கலாம். ஆனால் மரபணுக் கணக்கில் அது ஒரு பெரிய குடும்பம்தான். கோத்திரம், குலதெய்வம் பார்த்துப் பங்காளிகளை விலக்குவதும் இதற்குப் போதாது. அது அப்பா வழியை மட்டும்தான் பார்க்கிறது. அம்மா வழி, பாட்டி வழியெல்லாம் திறந்தே கிடக்கிறது.

எண் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 200 பேரில் ஒருவரிடம் ஒரு பழுது இருந்தால், யாரோ இருவர் மணக்கும்போது இருவரிடமும் அது இருக்க 40,000-இல் ஒரு வாய்ப்பு. ஒரு குழுவுக்குள் அது 20 பேரில் ஒருவரிடம் இருந்தால், 400-இல் ஒன்று. நூறு மடங்கு!

இது வெறும் கணக்கு இல்லை. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர்களைக் கேட்டுப் பாருங்கள். மூச்சுக்குழாயில் குழாய் செருகுவதற்காகச் சக்சினைல்கோலின் என்ற மருந்தைப் போட்டுத் தசைகளைத் தளர்த்துவார்கள். ரத்தத்தில் உள்ள ஒரு நொதி அதைச் சில நிமிடங்களில் உடைத்துவிடும். அந்த நொதி இல்லாதவர்களுக்குத் தசை மணிக்கணக்கில் எழும்பாது, தானாக மூச்சுவிட முடியாது, வென்டிலேட்டரிலேயே வைத்திருக்க வேண்டும். ஆரிய வைசியர்களிடம் இந்தக் குறை மற்றவர்களைவிட ஏறக்குறைய 100 மடங்கு அதிகம். அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தைக் கண்டு 2006-இல் வெளியிட்டவர்களில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் பூபதியும் ஒருவர். நோயாளி எந்தச் சமூகம் என்று தெரிந்தால் வேறு மருந்து போடலாம், அவ்வளவுதான். சாதியைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஆனால் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கேட்டால் பதில் சொல்லிவிடுவேன்.

இதைப் படித்துவிட்டு அவர்களுக்கு ரத்தமே சரியில்லை என்று யாரும் கிளம்ப வேண்டாம். அவர்களை ஆராய்ந்தார்கள், தெரிந்தது. நம்மை ஆராயவில்லை, தெரியவில்லை. 2017-இல் வந்த இன்னொரு ஆய்வில், தெற்காசியாவின் 263 குழுக்களைப் பார்த்ததில் 81 குழுக்களில், இப்படிச் சில பேரிலிருந்து பெருகியதன் தடயம் பின்லாந்துக்காரர்கள், அஷ்கெனாசி யூதர்கள் (ஐரோப்பிய வழி யூதர்கள்) ஆகியோரிடம் இருப்பதைவிடத் தீவிரமாக இருந்தது. அந்த 81-இல் 14 குழுக்களின் மக்கள்தொகை பத்து லட்சத்துக்கும் மேல். பின்லாந்தில் அந்த மக்களுக்கே உரிய நோய்கள் என்று முப்பதுக்கு மேல் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். நம்மிடம் அப்படி என்ன பட்டியல் இருக்கிறது?

பட்டியல் இருந்தால் என்ன செய்யலாம் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. டே-சாக்ஸ் என்ற நோய் குழந்தைகளைச் சில வயதுக்குள் கொன்றுவிடும். அதற்குத் தன் நான்கு குழந்தைகளைப் பறிகொடுத்த நியூயார்க் யூத மதகுரு ஜோசப் எக்ஸ்டீன், 1980-களில் தோர் யெஷோரிம் என்ற அமைப்பைத் தொடங்கினார். இளைஞர்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்து ஓர் எண்ணைக் கொடுப்பார்கள். முடிவைச் சொல்ல மாட்டார்கள். வரன் பேசும்போது இரண்டு எண்களையும் கொடுத்தால், பொருந்தும், பொருந்தாது என்ற பதில் மட்டும் வரும். யாருடைய நெற்றியிலும் முத்திரை விழாது. பையன், பெண் பார்க்கும் முறையை மாற்றச் சொல்லாமல் அதற்குள்ளேயே இதை நுழைத்தாரே, அந்தச் சாமர்த்தியம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

சாதி மாறிக் கட்டினால் இந்தத் தொல்லையே இல்லையே என்று நண்பர்கள் சொல்வார்கள். ஒரே குழுவுக்குள் தேங்கிக் கிடக்கும் இந்த மாதிரிப் பழுதுகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் உண்மைதான். ஆனால் சாதி மறுப்புக்கு நோய்ப் பயத்தைக் காரணமாகக் காட்டுவது எனக்கு ஒப்பவில்லை. அதற்கு இதைவிட நல்ல காரணங்கள் ஏராளம். தவிர, எல்லாப் பழுதும் சாதிக்குள் அடங்கிக் கிடப்பதில்லை. தண்டபாணி, தங்கராஜ் குழுவினர் 2009-இல் அறிவித்த ஓர் இதய மரபணு மாற்றம் இந்தியத் துணைக்கண்டத்தில் சுமார் 4 சதவீதம் பேரிடம், பல சமூகங்களிலும் பரவி இருக்கிறது. பெரும்பாலும் நடுவயதுக்கு மேல், பிள்ளை குட்டி பெற்ற பிறகுதான் தொல்லை கொடுக்கும் என்பதால் தலைமுறைகள் தாண்டி வந்துவிட்டது. ஐரோப்பியர்களை மட்டும் ஆராய்ந்துகொண்டிருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது.

இவ்வளவையும் சித்தப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம் ஜாதகத்தைத் திருப்பிப் போட்டு, பேனாவை என் பக்கம் நீட்டி, "சரி, என்னென்ன டெஸ்ட்டுன்னு எழுதிக் குடு, மாப்பிள்ளை வீட்லயும் பேசிடறேன்" என்றார்.

தலசீமியா என்று எழுதினேன். அடுத்த வரிக்கு என்னிடம் எதுவும் இல்லை.