மூணு தடவைதான் கூப்பிடுவேன் மாமா

போன மாசம் நாலு ராத்திரி அருப்புக்கோட்டையில் தங்கச்சி வீட்டில் படுத்தேன். அவளுக்கு இடுப்பில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது. "ஒரு வாரத்துக்குக் குனியாதீங்கம்மா, வெயிட் எதையும் தூக்காதீங்க" என்று டாக்டர் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை அவள் தூக்குகிற வெயிட் 46 கிலோ. என் மருமகன். பதினைந்து வயது.

அவனுக்கு டுஷென் தசைச்சிதைவு நோய். அநேகமாக ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் வருவது. 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவனுக்கு. தசையைக் கட்டிக் காக்கிற டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் உடம்பில் உண்டாகாது. தசை கொஞ்சம் கொஞ்சமாக அழிந்து அந்த இடத்தில் கொழுப்பு சேரும். பத்துப் பன்னிரண்டு வயதுவாக்கில் நடை நின்றுவிடும். அப்புறம் கை, அப்புறம் மூச்சு, இதயம். ஸ்டீராய்டு கொடுத்து, ராத்திரி மூச்சுக்கு மெஷின் வைத்து நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபதுகளைத் தாண்டி முப்பதைத் தொடுகிறவர்களும் இருக்கிறார்கள். முழுசாகக் குணமாக்குகிற மருந்து இல்லை. இவ்வளவையும் முதலிலேயே எழுதிவிடுகிறேன், கீழே யாரும் "நல்ல டாக்டரா பாத்தீங்களா ப்ரோ" என்று கேட்கக் கூடாது என்பதற்காக.

நாலு வயசில் அவனுக்குக் கெண்டைக்கால் உருண்டு திரண்டு இருக்கும். "பயில்வான் காலுடா" என்று நானே போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். அந்தக் கெண்டைக்கால்தான் நோயின் அடையாளம் என்று ரெண்டு வருசம் கழித்துத் தெரிந்தது. தரையிலிருந்து எழும்போது கையைத் தொடையில் ஊன்றி ஊன்றி, தன் உடம்பின் மேலேயே ஏறுகிற மாதிரி எழுந்திருப்பான். சோம்பேறி என்றோம். பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் விழுந்ததற்கு அடி வாங்கியிருக்கிறான்.

சரி, அந்த நாலு ராத்திரிக்கு வருகிறேன்.

"மாப்ளய நான் பாத்துக்கிறேன், நீ உள்ரூம்ல கதவச் சாத்திட்டுப் படு" என்று பெரிய மனுஷத்தனமாகச் சொன்னேன். தாய்மாமன் இல்லையா? மடியில் உட்கார வைத்துக் காது குத்தின உரிமை. மச்சான் ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிஃப்ட். பையன் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்தேன். கிரிக்கெட் பேசினோம். பதினோரு மணிக்குத் தூங்கிவிட்டான்.

பதினொன்னே முக்காலுக்கு "மாமா" என்றான். தானாகத் திரும்பிப் படுக்க அவனால் முடியாது. எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் ஒரு ஆளைத் திருப்பிப் படுக்க வைப்பது என்றால் என்ன என்று தெரியாது. இடுப்பைத் திருப்பினால் போதாது. முழங்கால் ரெண்டுக்கும் நடுவில் தலையணை, முதுகுக்கு அண்டக் கொடுக்க ஒன்று. கீழே மாட்டின கையை உருவி வெளியே எடுக்க வேண்டும். குதிகால் மெத்தையில் அழுந்தக் கூடாது. எல்லாம் முடித்துவிட்டுப் படுத்தேன். "மாமா, காது மடங்கிருச்சு" என்றான். எழுந்து காதை நீவிவிட்டேன். ஒரு காது மடங்கிக் கிடந்தால் மனுஷன் தூங்க முடியாது என்பது நாற்பத்திரெண்டு வயசில்தான் எனக்குத் தெரிகிறது.

ஒன்றேகாலுக்கு மறுபடி. மூன்று மணிக்கு ஒரு கொசு. அவன் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அவன் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நாலரைக்குக் கால் மரத்துவிட்டது. விடிந்தபோது எனக்குக் கண் எரிந்தது, தலை கனத்தது, ஆபீசுக்கு லீவு சொன்னேன். என் தங்கச்சி இதை ஐந்து வருசமாகச் செய்துகொண்டிருக்கிறாள். அவளுக்கு விடிந்ததும் லீவு கிடையாது. அதற்குப் பிறகுதான் அவளுடைய நாளே ஆரம்பம்.

ரெண்டாவது ராத்திரி அவன் சொன்னதைத்தான் தலைப்பில் போட்டிருக்கிறேன். "நேத்து ஏழு தடவ கூப்பிட்டுட்டேன்ல, சாரி மாமா" என்றான். பரவாயில்லடா என்றேன். "அம்மான்னா மூணு தடவதான் கூப்பிடுவேன் மாமா. மத்த நேரம் சமாளிச்சுக்குவேன்."

எப்படிச் சமாளிப்பாய் என்று கேட்டேன். வலிக்கிற பக்கத்தை நினைக்காமல் பழைய மேட்ச் ஒன்றை முதல் பந்திலிருந்து மனசுக்குள் ஓட்டுவானாம். நாலாவது தடவை கூப்பிட வேண்டியிருந்தால், ஐந்து மணி பால் வண்டிச் சத்தம் கேட்கிற வரைக்கும் தள்ளிப்போடுவானாம். அம்மா எப்படியும் அப்போது எழுந்துவிடுவாள் என்ற கணக்கு.

அதற்கப்புறம் இந்தப் பிள்ளைகளின் குடும்பங்களுக்கு என்ன தேவை என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு அந்தக் கணக்குதான் ஞாபகம் வருகிறது. அவனுக்குக் கிடைக்காமல் போகிற நாலாவது, ஐந்தாவது தடவை. ராத்திரி எழுந்திருக்க இன்னொரு ஆள் இருந்தால் கிடைத்திருக்கும்.

நாம் என்ன கொடுத்தோம்? ஒன்பது வருசத்தில் அந்த வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஏதோ ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒருத்தர் கோயில் பெயர், ஒருத்தர் எண்ணெய் பாட்டில், ஒருத்தர் யூடியூப் லிங்க். ஸ்டீராய்டில் கன்னம் உப்பியிருப்பதைப் பார்த்து "பிள்ள நல்லா தேறிட்டானே" என்றவர்கள் உண்டு. ஸ்டெம் செல் சிகிச்சை என்று ஒரு இடத்தில் மூன்றரை லட்சம் கட்டினோம். எந்த ஊர், எந்த இடம் என்று எழுதவில்லை. அந்த விஷயத்தில் தங்கச்சியை இழுத்துக்கொண்டு போனவன் நான். ரத்த நோய்கள் சிலவற்றைத் தவிர வேறு எதற்கும் ஸ்டெம் செல்லைச் சிகிச்சை என்று சொல்லி விற்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) வழிகாட்டுதல் 2017-லேயே வந்திருக்கிறது. பணத்தைக் கட்டிய பிறகுதான் படித்தேன்.

இப்போது "அமெரிக்காவுல ஊசி வந்துருச்சாமே" காலம். வந்தது உண்மைதான். எலிவிடிஸ் என்ற ஜீன் சிகிச்சைக்கு 2023-இல் அங்கே அனுமதி கொடுத்தார்கள். விலை 32 லட்சம் டாலர், நம் காசுக்கு 25 கோடிக்கு மேல். நடக்க முடியாத நிலையில் இருந்த இரண்டு பையன்கள் அதைப் போட்டபின் கல்லீரல் செயலிழந்து 2025-இல் இறந்துபோனார்கள். அந்த நிலையில் இருக்கிறவர்களுக்கு ஊசி அனுப்புவதை நிறுத்தினார்கள். என் மருமகனும் அந்த நிலையில்தான் இருக்கிறான். ஆகவே தயவுசெய்து அந்தச் செய்தியை என் தங்கச்சிக்கு ஃபார்வர்ட் செய்யாதீர்கள். ஒவ்வொரு ஃபார்வர்டுக்கும் அவள் ஒரு ராத்திரி தூங்குவதில்லை. ஏற்கெனவே தூக்கம் இல்லாதவள்.

அரசாங்கம் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் தசைச்சிதைவு நோய்க்கு இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வந்தபிறகு பிசியோதெரபி பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். அந்தத் தம்பிதான் பையனை அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள் என்று எங்களுக்குச் சொன்னவர். தோள்பட்டையில் பிடிமானம் இல்லாததால் அப்படித் தூக்கினால் கைக்குள்ளிருந்து வழுக்கி விழுந்துவிடுவான். இதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு எத்தனை வருசம்!

ஆனால் பதினைந்து வயசானால் ஆதாருக்குக் கைரேகையும் கண்ணும் மறுபடி பதிய வேண்டும். நாங்கள் போன சென்டர் மாடியில். லிஃப்ட் இல்லை. நானும் ஆட்டோக்காரரும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினோம். மேலே போனதும் விரலை அழுத்திப் பிடிக்கச் சொன்னார்கள். அழுத்த முடிந்தால் அவன் ஏன் நாற்காலியில் வருகிறான்? தங்கச்சி அவன் விரல் ஒவ்வொன்றாகப் பிடித்து அழுத்தினாள், பத்து விரலையும். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இன்னொன்று. இது அம்மா வழியாக வரக்கூடிய நோய். எக்ஸ் குரோமோசோமில் இருக்கிற ஜீன். மூன்றில் ஒரு பங்கு குடும்பங்களில் அம்மாவிடம் அந்தக் குறை இருக்காது, பிள்ளையிடம் புதிதாக உண்டாகியிருக்கும். எங்கள் குடும்பத்தில் அப்படியில்லை. டெஸ்ட் ரிசல்ட் வந்த வாரம் தங்கச்சியின் மாமியார், "எங்க பக்கம் இப்படி ஒண்ணு இருந்ததில்ல" என்றார். நான் பதில் பேசவில்லை. பேச ஏதாவது இருந்ததா? எங்கள் அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்திருக்கிறார். பதினேழு வயசில் போய்விட்டார். இளம்பிள்ளை வாதம் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். இப்போது யோசித்தால் அது வாதமே இல்லை. அம்மாச்சி அவரைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டுத்தான் களத்து வேலைக்குப் போவாராம். ஏழெட்டு வருசம் ஒரு விசேஷ வீட்டுக்கும் அம்மாச்சி போனதில்லை என்று ஊரில் குறையாகச் சொல்வார்கள். யாராவது ஒருத்தர், "நீ போய்ட்டு வா, நான் இவன்கூட இருக்கேன்" என்று சொல்லியிருந்தால் போயிருப்பார்.

இந்த ஒரு வாக்கியத்தில்தான் குழந்தைகளுக்கான ஹாஸ்பிஸே, அதாவது தீராத நோய் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்கிற இல்லமே, பிறந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் ஃபிரான்செஸ் டொமினிகா என்ற கன்னியாஸ்திரீ, மூளையில் கட்டி வந்து படுத்துவிட்ட ஹெலன் என்ற சின்னப் பிள்ளையை அவ்வப்போது தன் மடத்துக்குக் கொண்டுவந்து பார்த்துக்கொண்டார், பெற்றவர்கள் கொஞ்சம் இளைப்பாறட்டும் என்று. அதிலிருந்துதான் 1982-இல் ஹெலன் ஹவுஸ் வந்தது. உலகத்திலேயே குழந்தைகளுக்கென்று முதல் ஹாஸ்பிஸ். பெரிய மருத்துவக் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை அதில். அடுத்த வீட்டுக்காரி செய்யக்கூடிய காரியம்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். செங்கோட்டை தாண்டினால் கேரளா. பாலியேட்டிவ் கேர், அதாவது தீராத நோயின் வலியையும் அவதியையும் தணித்துப் பார்த்துக்கொள்வது, 1993-இல் அங்கே கோழிக்கோடு மெடிக்கல் காலேஜில் சின்னதாக ஆரம்பித்தது, 2008-இல் மாநிலக் கொள்கையாகவே ஆனது. அதை ஊர் ஊராக நடத்துவது டாக்டர்கள் மட்டும் இல்லை. வாரத்துக்கு 2 மணி நேரம் ஒதுக்க முடிந்த ஆட்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார்கள். வாத்தியார், கடைக்காரர், காலேஜ் பையன். நம் ஊரிலும் ஆள் இருக்கிறது. கோயில் கொடைக்குப் பந்தல் போட எத்தனை பேர் வருகிறோம்!

பாலியேட்டிவ் கேர் என்று ஒரு டாக்டர் முதன்முதலில் சொன்னபோது மச்சான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கைவிட்டுட்டாங்களா மாப்ள?" என்று கேட்டார். எனக்கும் அப்படித்தான் பட்டது. குழந்தைகளைப் பொறுத்தவரை அது நோய் தெரிந்த அன்றைக்கே தொடங்க வேண்டியது, குடும்பத்தையும் சேர்த்துப் பார்ப்பது என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்களுக்கு அந்த வார்த்தை எட்டாவது வருசம் வந்து சேர்ந்தது.

பையனுக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள், பதினொரு வயசு. அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் தனிப் பதிவு ஆகிவிடும். ஆண்டு விழாவில் பேச்சுப் போட்டிக்குப் பரிசு வாங்கியிருக்கிறாள். வீட்டில் யாரும் போகவில்லை. போக முடியாது என்று தெரிந்து அவள் அழைப்பிதழையே கொடுக்கவில்லை. பரிசு எவர்சில்வர் டம்ளர். அதில்தான் அண்ணனுக்கு ஸ்ட்ரா போட்டுத் தண்ணி கொடுக்கிறாள்.

நாலு ராத்திரி முடிந்து மதுரைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்து சொந்தக்காரர்கள் ஒன்பது பேரை வைத்து ஒரு வாட்ஸப் குரூப் ஆரம்பித்தேன். சனிக்கிழமை ராத்திரி ஒருத்தர், முறை வைத்து. பணம் வேண்டாம், யோசனை வேண்டாம், ராத்திரி பத்து மணிக்கு வந்து காலையில் ஆறுக்குக் கிளம்பலாம் என்று போட்டேன். அஞ்சு நிமிஷத்தில் கும்பிடுகிற கை, அழுகிற மூஞ்சி எல்லாம் வந்தது. தேதி கொடுத்தவர்கள் மூன்று பேர். ஒருத்தர் சித்தி மகன், ஒருத்தர் மச்சானின் மில் நண்பர். மூன்றாவது ஆள், "எங்க பக்கம் இப்படி இருந்ததில்ல" என்ற அந்த மாமியாரின் கடைசி மகன். ஆளுக்கொரு சனிக்கிழமை என்று நானும் சேர்த்து நாலு பேர், மாசம் ஓடிவிடுகிறது.

முதல் சனிக்கிழமை தங்கச்சி தூங்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு படுத்தும், உள்ளே இருந்து காது கொடுத்துக்கொண்டே இருந்தாளாம். ரெண்டாவது வாரம் ரெண்டு மணிக்கு மேல் தூங்கியிருக்கிறாள். மூன்றாவது வாரம் ஏழரைக்கு எழுந்து, பால் காய்ச்சவில்லையே என்று பதறியிருக்கிறாள்.

நாளைக்கு என் முறை. மத்தியானமே மாப்ளையிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்துவிட்டது. ஸ்டீராய்டு சாப்பிடுவதால் அவனுக்கு உப்பும் எண்ணெயும் குறைத்திருக்கிறார்கள். "மாமா, விருதுநகர் வழியா வந்து, அங்க இறங்கி எண்ணெய் பரோட்டா ரெண்டு, சால்னா தனியா கட்டிட்டு வா. அம்மா படுத்தப்புறம் சாப்டலாம். நாளைக்கு எட்டு தடவயாச்சும் கூப்பிடுவேன், இப்பவே சொல்லிட்டேன்."